குழாய்க்குள் ஓடுவது என்ன? கலப்பு எரிவாயுக் கணக்கின் வரலாறு



1937 ஆம் ஆண்டு மார்ச் 18. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் சிற்றூர். எண்ணெய்க் கிணறுகளின் வருவாயால் செழித்திருந்த அவ்வூரின் பள்ளிக்கூடம் அக்காலத்தில் நாட்டின் வசதி மிக்க பள்ளிகளுள் ஒன்று. செலவைக் குறைக்கும் நோக்கில், அருகிலிருந்த எண்ணெய் வயலின் எஞ்சிய எரிவாயுவைக் கொண்டுசென்ற குழாயிலிருந்து பள்ளியின் கணப்புகளுக்கு இணைப்பு எடுத்திருந்தார்கள். அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமுமில்லை. அது கசிந்து கட்டடத்தின் அடித்தளத்தில் தேங்கியதை எவரும் அறியவில்லை. பிற்பகல் மூன்று மணி கடந்து சில நிமிடங்களில், கைவினைப் பட்டறையில் ஒரு மின்கருவியை இயக்கியபோது எழுந்த பொறி அதனைப் பற்றவைத்தது. மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். பள்ளி விடுவதற்கு இன்னும் பதினைந்து நிமிடமே இருந்தது.

இந்நிகழ்வுக்குப் பின் எரிவாயுவில் வாடைப்பொருள் சேர்க்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் இயற்றியது. பின்னர் அவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. நம் அடுப்படியில் எரிவாயு கசிந்தால் மூக்கைத் துளைக்கும் அந்த நாற்றம் இயற்கையானதன்று. வேண்டுமென்றே கலக்கப்பட்ட, மிக மிகச் சிறிய அளவிலான இன்னொரு பொருளின் நாற்றம் அது.

குழாய்க்குள் என்ன ஓடுகிறது, எவ்வளவு ஓடுகிறது, எந்த இடத்தில் எந்த அளவில் கலந்திருக்கிறது என்பவற்றைக் கண்ணால் காண இயலாது. கணக்கால்தான் காண வேண்டும். இக்கணக்கு இருநூறு ஆண்டுகளில் எவ்வாறு வளர்ந்தது என்பதை இக்கட்டுரையில் காண்போம். விழுக்காடு, சராசரி, வேகம், கொள்ளளவு என்று நாம் வகுப்பறையில் கற்பிக்கும் எளிய கணக்குகளே இவ்வரலாற்றின் அடித்தளம்.

விளக்கேற்றிய கலவை

எரிவாயுவைக் குழாய்வழியே ஊருக்கு வழங்கும் தொழில் 1812 ஆம் ஆண்டில் இலண்டனில் நிறுவன வடிவம் பெற்றது. அன்றைய எரிவாயு பூமியிலிருந்து எடுக்கப்பட்டதன்று. மூடிய கலன்களில் நிலக்கரியைச் சூடாக்கி அதிலிருந்து பெறப்பட்டது. கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன், மூன்றில் ஒரு பங்கு மீத்தேன், எஞ்சியது கார்பன் மோனாக்சைடும் பிற வாயுக்களும். அதிலிருந்த கந்தகச் சேர்மங்களால் அதற்கு இயல்பாகவே வாடை இருந்தது.

நம் வட்டாரத்துக்கும் அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. சிங்கப்பூரில் காலாங் ஆற்றோரம் எரிவாயு ஆலை எழுந்தது. 1864 ஆம் ஆண்டு மே 24 அன்று, விக்டோரியா அரசியாரின் பிறந்தநாளில், அந்நகரத்துச் சாலைகளில் முதன்முதலாக எரிவாயு விளக்குகள் ஏற்றப்பட்டன. அந்த ஆலை இருந்த பகுதியை ஹொக்கியன் மொழியினர் 'தீ நகரம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். காலாங் ஆலை 1998 ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

அன்றைய பொறியாளர்களின் கேள்வி எளியது. இத்தனை அங்குல விட்டமுள்ள குழாயில், இத்தனை அடி தொலைவுக்கு, இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எவ்வளவு வாயு போய்ச்சேரும்? 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வில்லியம் போல் என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் பெயரால் வழங்கிய வாய்பாடு இதற்கு விடை சொன்னது. அதன்படி குழாயின் விட்டத்தை இருமடங்காக்கினால் ஓட்டம் இருமடங்காகாது; ஐந்தரை மடங்குக்கும் மேலாகும். குழாயின் நீளத்தை நான்கு மடங்காக்கினால் ஓட்டம் பாதியாகக் குறையும். நான்கு சிறிய குழாய்களைவிட ஒரே பெரிய குழாய் ஏன் இலாபமானது என்பதை அன்றைய நகராட்சிகள் இக்கணக்கால் அறிந்தன.

அவ்வாய்பாட்டில் எரிவாயுவின் கலவை ஒரே ஓர் எண்ணாகத்தான் இடம்பெற்றது. காற்றோடு ஒப்பிட்டால் அவ்வாயு எத்தனை பங்கு கனமானது என்னும் ஒப்படர்த்தியே அந்த எண். அன்றைக்கு அது போதுமானதாக இருந்தது. ஓர் ஊருக்கு ஓர் ஆலை, ஓர் ஆலைக்கு ஒரு வாயு. கலவை இடத்துக்கு இடம் மாறவில்லை. அழுத்தமும் மிகக் குறைவு.

விதிகளும் அவற்றின் எல்லைகளும்

அழுத்தத்தை இருமடங்காக்கினால் வாயுவின் கொள்ளளவு பாதியாகும் என்று இராபர்ட் போயில் 1662 ஆம் ஆண்டில் எழுதியிருந்தார். பல வாயுக்கள் ஒரே கலனில் இருக்கும்போது, ஒவ்வொன்றும் தான் மட்டுமே அங்கிருப்பதுபோல் தன் பங்கு அழுத்தத்தைத் தருகிறது. மொத்த அழுத்தம் அவற்றின் கூட்டுத்தொகை என்று ஜான் டால்டன் 1801 ஆம் ஆண்டில் கூறினார். இவ்விரண்டும் தாழ்ந்த அழுத்தத்தில் நன்றாகவே பொருந்தும்.

அழுத்தம் உயர உயரக் கதை மாறுகிறது. மூலக்கூறுகளுக்கும் இடம் வேண்டும். அவை ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்யும். இவ்விரண்டையும் கணக்கில் சேர்த்து, நெதர்லாந்தின் வான் டெர் வால்ஸ் 1873 ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் ஒரு சமன்பாட்டைத் தந்தார். 1910 ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. பள்ளி ஆசிரியராகத் தம் வாழ்க்கையைத் தொடங்கியவர் அவர் என்பதை நம் ஆசிரியர்கள் பெருமிதத்துடன் நினைவில் கொள்ளலாம்.

இந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது? இன்றைய நெடுந்தொலைவுக் குழாய்களில் வழக்கமாகக் காணப்படும் 70 பார் அழுத்தத்தை எடுத்துக்கொள்வோம். அந்நிலையில் மீத்தேன், போயில் விதி சொல்லும் இடத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவான இடத்திலேயே அடங்கிவிடும். ஹைட்ரஜனோ அதற்கு நேர்மாறாக, விதி சொல்வதைவிடச் சற்றே கூடுதலான இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் கலந்தால் அந்தக் கலவை எப்படி நடந்துகொள்ளும்? பின்னாளில் பொறியாளர்களை நெடுநாள் உழைக்க வைத்த கேள்வி இது.

குழாய்கள் நீண்ட காலம்

1891 ஆம் ஆண்டில் இந்தியானா மாநிலத்து வயல்களிலிருந்து சிக்காகோ நகருக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளத்தில் இயற்கை எரிவாயுக் குழாய் அமைந்தது. ஊருக்குள் ஓடிய வாயு இனி ஊர்விட்டு ஊர் ஓடத் தொடங்கியது. தொலைவு கூடியபோது அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. பழைய வாய்பாடு தடுமாறியது. ஏனென்றால், நீண்ட குழாயில் செல்லச் செல்ல அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறையும்போது வாயு விரிகிறது. விரிந்த வாயு அதே குழாயில் இன்னும் விரைவாக ஓடுகிறது. விரைவு கூடினால் உராய்வும் கூடுகிறது.

இச்சங்கிலியை அவிழ்த்துக் காட்டியவர்களுள் ஒருவர் அமெரிக்கப் பொறியாளர் தாமஸ் வேமத். 1912 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வாய்பாடு, குழாயின் இரு முனைகளிலும் உள்ள அழுத்தங்களை நேராகக் கழிக்கவில்லை. அவற்றின் வர்க்கங்களைக் கழித்தது. வாயு விரிந்துகொண்டே போகிறது என்னும் உண்மை அந்த வர்க்கத்துக்குள் அடங்கிவிடுகிறது. வேமத் வாய்பாடு இன்றும் பாடநூல்களில் இடம்பெறுகிறது.

கலவையின் சிக்கலுக்கு 1936 ஆம் ஆண்டில் டபிள்யூ. பி. கே என்பவர் எளிய வழி ஒன்றைக் காட்டினார். பல வாயுக்களின் கலவையை ஒரு கற்பனைத் தனிவாயுவாகக் கருதுவது. ஒவ்வொரு வாயுவின் பண்பையும் அதன் பங்கால் பெருக்கிக் கூட்டி, அந்தக் கற்பனை வாயுவின் பண்பாகக் கொள்வது. நம் பள்ளிகளில் எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடு, செயல்திட்டத்துக்கு 30 விழுக்காடு என்று பிரித்து மொத்த மதிப்பெண் கணக்கிடுகிறோமே, அதே முறைதான். 1942 ஆம் ஆண்டில் ஸ்டாண்டிங், காட்ஸ் என்ற இருவர் இந்தக் கருத்தின் மேல் ஒரு வரைபடத்தை அமைத்துத் தந்தனர். கணினி வருவதற்கு முன் பொறியாளர்கள் அளவுகோலை வைத்து அவ்வரைபடத்திலிருந்து விடையைப் படித்தெடுத்தார்கள்.

ஆனால், சராசரி என்பது ஒத்த இயல்புடையவற்றுக்குத்தான் நன்கு பொருந்தும். மீத்தேனும் ஈத்தேனும் அண்ணன் தம்பி போன்றவை. ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் அவ்வாறல்ல. இயல்பு வேறுபட்டவை சேரும்போது சராசரி பொய் சொல்லத் தொடங்கும்.

தவற்றைத் திருத்தித் திருத்தி விடை காணல்

இதே 1936 ஆம் ஆண்டில் இன்னொரு பெரிய முன்னேற்றம் நிகழ்ந்தது. ஒரு நகரத்தின் எரிவாயுக் குழாய்கள் நேர்க்கோடாக இருப்பதில்லை. அவை வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு வாயு இரண்டு மூன்று வழிகளில் வரலாம். எந்த வழியில் எவ்வளவு வரும்? நூறு குழாய்கள் என்றால் நூறு விடை தெரியாத எண்கள். எல்லாம் ஒன்றையொன்று சார்ந்தவை.

இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் இதற்கு ஒரு வழி சொன்னார். முதலில் ஒரு விடையை ஊகித்துக்கொள்க. ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாக இருந்தால் போதும். பிறகு ஒவ்வொரு வளையத்தையும் சுற்றி வந்து அழுத்த இழப்புகளைக் கூட்டிப் பார்க்க. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் கூட்டுத்தொகை சுழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பிசகு என்று பார்த்து ஓட்டத்தைத் திருத்துக. மீண்டும் சுற்றுக, மீண்டும் திருத்துக. சில சுற்றுகளில் பிசகு கரைந்துவிடும்.

இம்முறையில் முதல் விடை தவறாக இருப்பது குற்றமன்று. அது எவ்வளவு தவறு என்று அளக்கத் தெரிவதே தேவை. இன்றைய கணினி நிரல்களின் கணித முறைகள் கிராஸின் முறையைவிட விரைவானவை; எனினும் ஊகி, அள, திருத்து என்னும் அந்த அடிப்படை அப்படியே இருக்கிறது.

கணினி பரவலாவதற்கு முன் இடைக்காலத்தில் ஒரு வியப்பான கருவியும் பயன்பட்டது. 1950 ஆம் ஆண்டை ஒட்டி மால்கம் மெக்இல்ராய் என்ற அமெரிக்கர், மின்னிழை விளக்குப் போன்ற சிறப்பு மின்தடைகளைக் கொண்டு குழாய்வலைக்கு ஒப்பான ஒரு மின்சுற்றை அமைத்தார். மின்னோட்டமே எரிவாயுவாகவும் மின்னழுத்தமே வாயு அழுத்தமாகவும் கொள்ளப்பட்டன. ஒன்றைப்போல் இன்னொன்றைச் செய்து பார்த்து விடை காண்பதைப் பாவனையாக்கம் என்கிறோம். 1960-களில் அந்தப் பாவனை கணினிக்குள் குடிபுகுந்தது.

ஒரு நாடே அடுப்பை மாற்றிய பத்தாண்டு

1965 ஆம் ஆண்டில் பிரிட்டனை ஒட்டிய வடகடலில் இயற்கை எரிவாயு கண்டறியப்பட்டது. அது பெரும்பாலும் மீத்தேன். மக்கள் பயன்படுத்தி வந்ததோ ஹைட்ரஜன் மிகுந்த நிலக்கரி வாயு. ஒரே கன மீட்டரில் புதிய வாயு ஏறத்தாழ இருமடங்கு வெப்பம் தந்தது; அதன் சுடர் மெல்லப் பரவியது. பழைய அடுப்பில் புதிய வாயுவை விட்டால் சுடர் துளையை விட்டு எழும்பி அணையக்கூடும், அல்லது சரியாக எரியாமல் நச்சுப்புகை தரக்கூடும்.

ஆகவே 1967 முதல் 1977 வரை தெருத்தெருவாக, வீடுவீடாகச் சென்று அடுப்புகளின் எரிமுனைகளை மாற்றினார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள், கோடிக்கணக்கான சாதனங்கள்.

இவ்வேளையில் கைகொடுத்தது இத்தாலியரான கொஃப்ரெடோ வோபே 1920-களில் வகுத்த ஒரு குறியெண். வாயுவின் வெப்ப அளவை அதன் ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது வோபே எண். அடுப்பின் சிறு துளைவழியே ஒரு நொடியில் எவ்வளவு வெப்பம் வந்து சேரும் என்பதை அது காட்டும். இரண்டு வாயுக்களின் வோபே எண்கள் நெருங்கியிருந்தால் அடுப்பு ஏறத்தாழ ஒரே அளவு வெப்பம் தரும். விலகியிருந்தால் அடுப்பைத்தான் மாற்ற வேண்டும்.

மலேசியாவில் 1980-களில் தீபகற்ப எரிவாயுக் குழாய்த்திட்டம் தொடங்கியது. திரங்கானுவின் கெர்த்தே ஆலைகளில் கடலடி வாயுவிலிருந்து ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் ஆகியவை பிரிக்கப்பட்டு, மீத்தேன் மிகுந்த வாயு குழாயில் அனுப்பப்படுகிறது. 1992 ஆம் ஆண்டில் அக்குழாய் சிங்கப்பூரின் செனோக்கோ மின்நிலையம் வரை வாயுவைக் கொண்டுசென்றது. நம் வீடுகளுக்கு வரும் எரிவாயுத் தோம்பில் இருப்பதும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த ஒரு கலவைதான்.

கலப்பு புதிதன்று, மாறும் கலப்பே புதிது

இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் கலவையின் பண்பைக் கணிக்கும் சமன்பாடுகள் வெகுவாகக் கூர்மை பெற்றன. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பெங், இராபின்சன் ஆகிய இருவரும் 1976 ஆம் ஆண்டில் வெளியிட்ட சமன்பாடு இன்றளவும் தொழில்துறையின் அன்றாடக் கருவி. அதைவிட நுட்பமானது, ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2008 ஆம் ஆண்டைப் பெயரில் தாங்கிய 'கெர்க்' சமன்பாடு. மீத்தேன் முதல் ஹைட்ரஜன் வரை 21 பொருள்களின் எந்தக் கலவைக்கும் அது விடை தரும். வெறும் சராசரியோடு அது நிற்பதில்லை. பொருள்களை இரண்டிரண்டாக எடுத்து, அவை தமக்குள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் சேர்த்துக் கணக்கிடுகிறது.

பண்பு தெரிந்துவிட்டது, ஓட்டமும் தெரிந்துவிட்டது. பிறகு என்ன சிக்கல் என்று கேட்கலாம்.

கரியமிலத்தைக் குறைக்கும் நோக்கில், இயற்கை எரிவாயுக் குழாயில் ஓரளவு ஹைட்ரஜனைக் கலக்கும் முயற்சிகள் அண்மை ஆண்டுகளில் நடந்தன. பிரான்சில் டன்கெர்க் அருகே ஏறத்தாழ நூறு வீடுகளுக்கு 2018 முதல் 2020 வரை 20 விழுக்காடு வரை கலந்து வழங்கினார்கள். பிரிட்டனில் கீல் பல்கலைக்கழக வளாகத்தில் 2019 முதல் 2021 வரையும், அதன்பின் வின்லாட்டன் என்னும் ஊரில் 668 வீடுகளிலும் அதே அளவு சோதிக்கப்பட்டது. வின்லாட்டன் சோதனையில் ஒரு பள்ளிக்கூடமும் அடங்கும்.

ஏன் 20 விழுக்காடு? நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் மீத்தேன் தோராயமாக 38 மெகாஜூல் வெப்பம் தரும். ஹைட்ரஜன் 12 மெகாஜூல். நூற்றுக்கு 80 மீத்தேன், 20 ஹைட்ரஜன் என்று கலந்தால் 30.4 உடன் 2.4 சேர்ந்து 32.8 மெகாஜூல். வெப்பம் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைகிறது. ஆனால் வாயுவும் இலேசாகிவிடுவதால் அதே துளைவழியே கூடுதலாகப் பாய்கிறது. வோபே எண்ணைக் கணக்கிட்டால் குறைவு 5 விழுக்காடு அளவுதான். ஆகவே பெரும்பாலான அடுப்புகளை மாற்ற வேண்டியதில்லை. அதே வேளையில், கொள்ளளவில் 20 விழுக்காடாக இருக்கும் ஹைட்ரஜன், வெப்பத்தில் 7 விழுக்காட்டைச் சற்றே தாண்டுகிறது என்பதையும் இதே கணக்கு காட்டிவிடுகிறது. '20 விழுக்காடு' என்று செய்தியில் படிக்கும்போது, எதில் 20 விழுக்காடு என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இன்னொரு கணக்கு. முழுவதும் ஹைட்ரஜனை அனுப்பி அதே வெப்பத்தைத் தர வேண்டுமென்றால் ஏறத்தாழ மூன்று மடங்கு கொள்ளளவு ஓட வேண்டும். ஓட்டம் மூன்று மடங்கானால் அழுத்த இழப்பு ஒன்பது மடங்காகும். ஆனால் ஹைட்ரஜனின் அடர்த்தி மீத்தேனில் எட்டில் ஒரு பங்கு. ஒன்பதை எட்டால் வகுத்தால் ஒன்றுக்குச் சற்றே மேல். குழாயில் இழப்பு ஏறத்தாழ அதேதான்! எனினும் மூன்று மடங்கு கொள்ளளவை அழுத்தித் தள்ளும் இயந்திரங்களுக்கு ஆற்றல் மிகக் கூடுதலாக வேண்டும். உறுதிமிக்க எஃகு வகைகளில் ஹைட்ரஜன் ஊடுருவி அவற்றை நொறுங்கக்கூடியதாக்கும் இடரும் உண்டு. ஆகவே குழாய் தாங்குமா என்பது வேறு கேள்வி. குழாயில் ஓடுமா என்பது வேறு கேள்வி.

நம் அண்டை நாடான சிங்கப்பூரின் நகர எரிவாயுவில் இன்றும் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி ஹைட்ரஜன்தான். அங்கே குழாய்வழி எரிவாயு பெறும் வீடுகளில் அது நெடுங்காலமாகப் பாதுகாப்புடன் எரிகிறது. ஹாங்காங்கிலும் அவ்வாறே. அடுப்புகள் அதற்கேற்பச் செய்யப்பட்டவை. கலவை குறித்த எல்லைக்குள் நிற்கிறது. எனவே கலப்பு நமக்குப் புதிதன்று. ஒரே குழாயில் நேரத்துக்கு நேரம், இடத்துக்கு இடம் மாறும் கலப்பே புதிது.

செய்தி முந்தும்; பொருள் பிந்தும்

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 18 கிலோமீட்டர் நீளக் குழாய். பகலில் மணிக்கு 100 பங்கு வாயு ஓடுகிறது. அதில் 20 பங்கு ஹைட்ரஜன். இரவில் ஊர் உறங்கியதும் தேவை 40 பங்காகக் குறைகிறது. ஹைட்ரஜன் செலுத்துவதைக் குறைக்காமல் அதே 20 பங்கு விட்டால் என்ன ஆகும்? 40-இல் 20, அதாவது 50 விழுக்காடு! பகலில் பாதுகாப்பாக இருந்த அதே அளவு இரவில் எல்லையைத் தாண்டிவிடுகிறது.

அந்த 50 விழுக்காட்டு வாயு மறுமுனை வீட்டுக்கு எப்போது போய்ச்சேரும்? பகலில் வாயு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் ஒரு மணி நேரம். இரவில் ஓட்டம் 40 விழுக்காடாகக் குறைவதால் வேகம் நொடிக்கு 2 மீட்டர், மணிக்கு 7.2 கிலோமீட்டர். ஆகவே இரண்டரை மணி நேரம். ஆனால் அழுத்தத்தில் ஏற்படும் மாற்றம் வாயுவோடு சேர்ந்து நடப்பதில்லை. அது ஒலியைப்போல நொடிக்கு ஏறத்தாழ 400 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. 18 கிலோமீட்டரை அது 45 நொடியில் கடந்துவிடும்.

மறுமுனையில் இருப்பவர் அழுத்தமானியைப் பார்த்து 'எல்லாம் சீராகிவிட்டது' என்று நினைக்கலாம். கலவை மாறிய வாயுவோ இன்னும் வழியில்தான் இருக்கும். அழுத்தத்தை மட்டும் பின்தொடரும் பழைய கணக்கு இங்கே போதாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே பின்தொடர வேண்டும்.

இன்றைய பாவனையாக்கம் இதனைத்தான் செய்கிறது. நீண்ட குழாயைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு துண்டிலும், ஒவ்வொரு நொடிக்கும், உள்ளே வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு, எஞ்சியது எவ்வளவு என்று கணக்கெழுதுகிறது. மொத்தப் பொருளுக்கு ஒரு கணக்கு, உந்தத்துக்கு ஒன்று, வெப்பத்துக்கு ஒன்று, கலவையின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொன்று. மளிகைக் கடைக்காரர் ஏடு எழுதுவது போன்றதுதான், பக்கங்கள்தாம் கோடிக்கணக்கு.

இதில் ஒரு பொறியும் உண்டு. வகுப்பறையில் இதனைச் செய்து காட்டலாம். பத்துக் குவளைகளில் பாதியளவு நீர் வைத்து வரிசையாக அடுக்குக. முதல் குவளையில் சிவப்புச் சிராப் ஊற்றிக் கலக்குக. அதில் ஒரு பங்கை இரண்டாவதில் ஊற்றிக் கலக்குக, அதிலிருந்து மூன்றாவதற்கு, இப்படியே தொடர்க. நிறம் படிப்படியாக வெளிறிக்கொண்டே போகும். உண்மைக் குழாயிலோ ஹைட்ரஜன் மிகுந்த வாயுவுக்கும் முன்னால் போகும் வாயுவுக்கும் இடையே எல்லை ஓரளவு தெளிவாகவே இருக்கும். துண்டுகளைப் பெரிதாக வைத்துக் கணக்கிட்டால், நம் குவளைகளைப் போலக் கணினியும் அந்த எல்லையைக் கரைத்துவிடும். உண்மையில் 50 விழுக்காடு வந்து சேரும் வீட்டுக்கு, திரையில் 30 விழுக்காடு என்று காட்டக்கூடும். இது வாயுவின் இயல்பன்று. கணக்கு முறையின் குறை. துண்டுகளை நுண்ணிதாக்கியும், எல்லையையே பின்தொடர்ந்து செல்லும் முறைகளைக் கையாண்டும் இக்குறையைக் குறைக்கிறார்கள். பிறகு குழாயின் பல இடங்களில் உண்மையான வாயுவை எடுத்துச் சோதித்து, கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சரிபார்க்கப்படாத பாவனை வெறும் படம்.

வாடைப்பொருளும் இத்தகைய கணக்குக்கு உட்பட்டதே. ஒரு கன மீட்டருக்குச் சில மில்லிகிராம் அளவே சேர்க்கப்படும் அது, வாயு மெல்ல ஓடும் கடைக்கோடிக் குழாய்களில் மங்கிவிடலாம். கடைசி வீட்டிலும் நாற்றம் போதிய அளவு இருக்கிறதா என்று பார்ப்பது பாதுகாப்புப் பணியின் ஒரு பகுதி.

வகுப்பறைக்கு

ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் 'விழுக்காட்டுக் கணக்கு எதற்கு ஐயா?' என்று கேட்பது இயல்பு. கடையில் தள்ளுபடி கணக்கிட என்று மட்டும் விடை சொல்லி நிறுத்திவிட வேண்டா. மேலே கண்ட மூன்று கணக்குகளையும் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். 80-க்கும் 20-க்கும் சராசரி காணும் கணக்கு. இரவில் 20 விழுக்காடு 50 விழுக்காடாகும் கணக்கு. 18 கிலோமீட்டரைக் கடக்க எத்தனை மணி நேரம் என்னும் கணக்கு. மூன்றும் அவர்கள் கைக்கு எட்டுபவையே. மூன்றாவதில் வேகம் மாறுவதைக் கவனிக்கத் தவறினால், இரண்டரை மணி நேரம் என்பதற்கு ஒரு மணி நேரம் என்று எழுதிவிடுவார்கள். அவ்விடத்தில் நின்று, அந்த ஒன்றரை மணி நேர வேறுபாட்டில் கடைசி வீட்டில் என்ன நேரும் என்று பேசுங்கள்.

பெற்றோர்களும் வீட்டில் ஒன்று செய்யலாம். எரிவாயுவின் நாற்றம் எப்படியிருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். அந்த வாடை வந்தால் விளக்கு, விசிறி ஆகியவற்றின் பொத்தானைத் தொடக் கூடாது. தீக்குச்சி உரசக் கூடாது. சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே போய்ப் பெரியவர்களை அழைக்க வேண்டும். எரிவாயுத் தோம்பின் அடைப்பானை எந்தப் பக்கம் திருப்பி மூடுவது என்பதையும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்றே காட்டிவைக்கலாம்.